ஆறவிட்ட பற்றரிகள்

பிள்ளைகளே, குளிர்காலம் தொடங்கினால் அப்பாவுக்குக் கதவுப் பைத்தியம் பிடித்துவிடும் என்று நீங்கள் மூவரும் குசினிக்குள் நின்று சிரிப்பது எனக்குத் தெரியும். கராஜ் கதவை இறக்கிவிட்டு வந்து கதிரையில் இருப்பேன். தேத்தண்ணி ஆறுவதற்கு முன் எழும்பிப் போய், இறக்கிய கதவை இன்னொருமுறை பார்ப்பேன். "இட்ஸ் ஷட், அப்பா!" என்று பெரியவள் கத்துவாள். சின்னவன் என் நடையை அப்படியே நடந்து காட்டுவான். அம்மா மட்டும் சிரிப்பதில்லை. அவவுக்கு விஷயம் தெரியும்.

உங்களுக்கும் சொல்லிவிட வேண்டும் என்று இந்த யூலைக் குளிரில் தோன்றியது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் வடிவு இருக்காது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

மைல் கணக்கெல்லாம் கிலோமீற்றராக மாறியிருந்த புதிது அது. உங்களையும் அம்மாவையும் யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு நான் இந்த நாட்டுக்கு முன்னால் வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. நகரத்துக்கு வெளியே, கிளேட்டனில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை. பெற்றோல் இல்லாமல் ஓடும் வான் செய்து விற்கலாம் என்பது அங்கே முதலாளியாக இருந்த வெள்ளைக்காரருடைய எண்ணம். பழைய வான் ஒன்றின் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்சார மோட்டர் ஒன்றைப் பூட்டியிருந்தார். பின்பக்கத்தில் பன்னிரண்டு ஈயப் பற்றரிகள், இரண்டு வரிசையாக. இன்றைக்கு நீங்கள் ரோட்டில் அப்படி ஒரு வானைக் காணமாட்டீர்கள். அந்த நாளில் கண்டவர்களும் பால்வண்டி என்றுதான் நினைத்தார்கள். சத்தமே இருக்காது. முதல் வாரம் ஒரு கிழவி, என்னைக் காணாமல் ரோட்டைக் கடந்துவிட்டு, பிறகு குடையால் வானின் மூக்கில் ஒரு தட்டுத் தட்டினா.

அந்த வானை ஓட்டுவதும் சார்ஜ் பண்ணுவதும் என் வேலை. யாழ்ப்பாணத்தில் பற்றரி சார்ஜ் பண்ணும் கடையில் பதினொரு வருடம் நின்றவன் என்பதால்தான் என்னை எடுத்தார்கள். அளவு எடுக்க இன்னொருவன் வருவான். ஈப்போவில் பிறந்த மலேசியத் தமிழன், கம்பஸில் ஆராய்ச்சி மாணவன். இந்த வானை வைத்துத்தான் அவனுடைய ஆராய்ச்சிப் புத்தகம். நான் அவனைத் தம்பி என்பேன், அவன் என்னை அண்ணே என்பான். அவன் "ஆமா" என்னும் இடத்தில் நான் சொல்லும் "ஓம்" அவனுக்குப் பெரிய பகிடி. மின்தடையை அளக்கும் அலகின் பெயரும் ஓம்தானே.

"அண்ணே, ரெசிஸ்டன்ஸ் எவ்ளோ?"

"பார்க்கிறன் தம்பி."

"சாப்டீங்களா?"

"ஓம்."

"அதுதான்ணே கேட்டேன், எத்தன ஓம்?"

ஒரு நாளைக்கு மூன்று தரமாவது இது நடக்கும். நான் ஒவ்வொரு தரமும் மாட்டிக்கொள்வேன்.

எங்கள் நாள் இப்படித்தான் போகும். காலையில் வானை எடுத்துக்கொண்டு கிளேட்டனைச் சுற்றிப் பதினைந்து கிலோமீற்றர் ஓடுவேன். அவன் பக்கத்தில் இருந்து மீற்றரைப் பார்த்து எழுதுவான். திரும்பி வந்ததும் சார்ஜில் போடுவேன். பின்னேரம் ஐந்து ஐந்தரைக்குப் பற்றரிகள் நிறைந்துவிடும். வயரைக் கழற்றி, பற்றரிக்குள் அமிலத்தின் சூடு எவ்வளவு என்று பார்த்து, பதிவுக் கொப்பியில் எழுதுவேன். பக்கத்தின் கடைசிக் கட்டத்தில், காலைவரை பற்றரியை எப்படி வைக்கிறோம் என்று எழுதவேண்டும். அதில் தினமும் ஒரே சொல்லைத்தான் எழுதினேன். ஆங்கிலத்தில், "ரெஸ்டட்" என்று.

நான் எழுத நினைத்தது "ஆறவிட்டது" என்று. யாழ்ப்பாணத்துக் கடையில் சார்ஜ் முடிந்த பற்றரியை உடனே கொடுத்தால் கடைக்காரர் பாய்வார். "சூட்டோட குடுக்காதை. ஆறவிட்டுக் குடு!" சுடச்சுட இருக்கும் பற்றரிக்குள் தகடுகள் வளைந்துவிடும். நனைத்த சாக்கை மேலே போட்டு, காற்றுப் படும் பக்கமாக வைத்துவிட்டு, மறுநாள்தான் கொடுப்போம். அந்தப் பழக்கம் கையோடு வந்துவிட்டது. கிளேட்டனிலும் வேலை முடிந்து எல்லோரும் போனபின், வான் நிற்கும் கராஜில் உள்முற்றப் பக்கம் இருந்த பெரிய இரும்புக் கதவைச் சங்கிலியால் பாதிவரை மேலே உருட்டி விடுவேன். வெளிக் கேற் பூட்டியிருக்கும், கள்வர் பயம் இல்லை. விடிய எல்லோருக்கும் முதல் வந்து இறக்கிவிடுவேன். கடைசியாகப் போகிறவனும் முதலில் வருகிறவனும் நான்தான் என்பதால் அந்தக் கதவைப் பற்றி ஒருவரும் அறியவில்லை. நானும் ஒளிக்கவில்லை. சொல்லவேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

இங்கே தை மாதம்தான் கோடை, யூலை கடும் குளிர். தைமாத வெயிலில் தொடங்கிய வேலை அது. அந்த வெயிலுக்கு நான் செய்தது சரி. வான் நன்றாக ஓடியது. "இந்த மனுஷனுக்குப் பற்றரியின் பாஷை தெரியும்" என்று முதலாளி என் தோளில் தட்டினார். பிறகு மே வந்தது, யூன் வந்தது. காலையில் முற்றத்துப் புல் உறைபனியில் வெள்ளையாகக் கிடந்தது. நான் கையுறை வாங்கினேன், கழுத்துக்குக் கம்பளி வாங்கினேன். கதவை மட்டும் அதேபடி ஒவ்வொரு பின்னேரமும் மேலே உருட்டிவிட்டுப் போனேன்.

இனிக் கடிதத்தின் கதை. உங்களைக் கூப்பிடுவதற்கு, எனக்கு நிரந்தர வேலை என்று முதலாளி கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். குடிவரவு அலுவலகத்தில் மற்ற எல்லாப் பேப்பரையும் கொடுத்துவிட்டேன். இது ஒன்றுதான் பாக்கி. முதலாளி கெட்டவர் அல்ல. கடிதத்தை அடித்தும் வைத்துவிட்டார். ஆனால் கையெழுத்திடவில்லை. "இல்லாத வேலையை இருக்கிறது என்று எழுதமாட்டேன். யாராவது இந்த வானை வாங்கினால் வேலை இருக்கும். வாற வியாழக்கிழமை ஒருவர் பார்க்க வருகிறார். சிட்டிக்குப் போய்த் திரும்பி வரவேண்டும். நல்லபடி வந்தால் அன்றைக்கே கையெழுத்து" என்று சொல்லிக் கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைத்து மூடினார்.

வான் ஓடினால் வேலை, வேலை இருந்தால் கடிதம், கடிதம் வந்தால் நீங்கள். எனக்கு அந்த வாரம் முழுக்க ஓரிடத்தில் இருக்கமுடியவில்லை. அந்த மேசையைக் கடக்கும்போதெல்லாம் லாச்சியின் கைபிடியைப் பார்ப்பேன். போகவரத் தேவையில்லாத இடத்துக்கும் அந்த வழியாலேயே போனேன்.

சிட்டிக்குப் போய்வர நாற்பது கிலோமீற்றருக்கு மேல் வரும். ஈப்போத் தம்பி கணக்குப் பார்த்தான். "குளிருக்குக் கொஞ்சம் கொறையும். அப்பவும் ஒரு அஞ்சு கிலோமீட்டர் மிச்சம் இருக்கும்ண்ணே. டைட்தான், ஆனா வந்துரலாம்."

புதன்கிழமை பற்றரிகளுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் விட்டேன். முனைகளைப் புதிதுபோல் துடைத்தேன். முழுச் சார்ஜ். பெரிய ஓட்டத்துக்கு முதல் நன்றாக ஆறட்டும் என்று, பாதியில் நிற்கும் கதவை அன்றைக்கு முழுதாக உச்சிக்கு உருட்டிவிட்டேன். அவ்வளவு கவனம் எனக்கு!

வியாழக்கிழமை காலை மூடுபனி. வாங்க வந்தவர் உயரமான மனிதர், தொப்பியைக் கழற்றவே இல்லை. அவர் என் பக்கத்தில். முதலாளியும் தம்பியும் பின்னால், பற்றரிப் பெட்டிகளுக்கு நடுவே பலகையில். வானில் ஹீற்றர் கிடையாது. ஹீற்றர் போட்டால் அதுவும் பற்றரியைத்தான் தின்னும். எங்கள் நால்வரின் மூச்சும் கண்ணாடியில் படிந்து முன்னால் ஒன்றும் தெரியவில்லை. ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மற்றக் கையில் பிடித்த லேஞ்சித் துணியால் துடைத்துக்கொண்டே போனேன். மூடுபனி என்பதால் லைட்டும் போடவேண்டியிருந்தது.

"இது இப்படியே இருக்குமா, இந்தக் குளிர்?" என்று தொப்பிக்காரர் கேட்டார்.

"கோட்டு ஒன்று இலவசமாகத் தருவோம்" என்றார் முதலாளி பின்னாலிருந்து. மனிதர் சிரித்தார். எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

போகும்போது பிழை ஒன்றும் இல்லை. ஆனால் பற்றரி மீற்றரின் ஊசி என் மனக்கணக்கைவிட வேகமாகச் சாய்ந்தது. ரோட்டைப் பார்ப்பேன், ஊசியைப் பார்ப்பேன், துடைப்பேன், திரும்ப ஊசியைப் பார்ப்பேன். சிட்டியில் சுற்றித் திரும்பியபோது அது பாதிக்குக் கீழே. தலைக்கு மேல் இருந்த கண்ணாடியில் தம்பியின் முகத்தைப் பார்த்தேன். அவன் சத்தம் இல்லாமல் உதட்டால், "மெதுவா, மெதுவா" என்றான். நான் மெதுவாகப் போனேன். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். ஒரு லொறிக்காரன் எட்டிப் பார்த்து, "இறங்கித் தள்ளு, மேட்! அதுதான் விரைவு!" என்று கத்திவிட்டுப் போனான்.

காவ்ஃபீல்ட் ஸ்டேஷனுக்குக் கிட்ட, சிவப்பு லைட்டில் நிறுத்தினேன். பச்சை விழுந்தது. மிதித்தேன். வான் ஒரு முழம் நகர்ந்தது. அவ்வளவுதான். ஒரு கெஞ்சல்போலச் சத்தம் வந்தது, அதுவும் நின்றது.

முதலாளியும் தம்பியும் நானும் இறங்கி ஓரத்துக்குத் தள்ளினோம். தொப்பிக்காரரும் ஒரு கை கொடுத்தார், அது எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது. ஒரு பக்கம் ட்ராம் கம்பி, மறுபக்கம் ட்ரெயின் கம்பி. ஒரு ட்ராம் மணி அடித்துக்கொண்டு எங்களைக் கடந்து போனது.

தம்பி மேலே பார்த்தான். "சுத்தி எங்க பாத்தாலும் கரண்ட். நடுவுல நமக்கு மட்டும் இல்ல பாத்தீங்களா."

ஒருவரும் சிரிக்கவில்லை. முதலாளி தொப்பிக்காரரை ஒரு டாக்ஸியில் ஏற்றி அனுப்பினார். கதவைச் சாத்தும்போது மரியாதையாகப் பேசினார். டாக்ஸி போனபின் எங்கள் பக்கம் திரும்பவில்லை. இழுத்துப் போகும் வண்டிக்கு ரெலிபோன் பண்ண ஸ்டேஷனுக்குள் போய்விட்டார்.

அந்த நேரம் தம்பி பின்கதவைத் திறந்து, கண்ணாடி வெப்பமானியை ஒரு பற்றரியின் அமிலத்துக்குள் விட்டுப் பார்த்தான். வெளியே எடுத்துத் துடைத்துத் திரும்ப விட்டான்.

"என்னாண்ணே இது. நாலு டிகிரிதான் காட்டுது."

"நாலோ?"

"இவ்ளோ தூரம் ஓடின பேட்டரி சூடால இருக்கணும். நான் பதினெட்டுனு வச்சுத்தான் கணக்கே போட்டேன்." என்னைப் பார்த்தான். "ராத்திரி முழுக்க கராஜ்லதான இருந்துச்சு?"

நான் என் கையுறையைக் கழற்றி உள்ளங்கையைப் பற்றரியில் வைத்தேன். பனிக்கட்டி மாதிரி இருந்தது. அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உச்சிக்கு உருட்டிய கதவு, வெள்ளைப் புல், ஆறவிட்டது. வெயில் நாட்டில் ஆறுவது வேறு. இங்கே இரவு முழுக்க ஆறினால் பற்றரியில் பலம் எங்கே மிஞ்சும்? ஒரு வசனம் சொன்னால் போதும். லாச்சியின் கைபிடி என் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"ஓம்" என்றேன்.

பொய் இல்லை. கராஜுக்குள்தான் இருந்தது. அந்த முறை அவன் எத்தனை ஓம் என்று கேட்கவில்லை.

பட்டறைக்கு வந்ததும் முதலாளி அவனிடம்தான் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. "ஐந்து கிலோமீற்றர் மிச்சம் வரும் என்று சொன்னாய். உன் கணக்கை நம்பித்தான் அந்த மனிதரைக் கூப்பிட்டேன். ஆறு மாதம் என் வானை வைத்து என்ன அளந்தாய்?" முதலாளி என் பக்கம் திரும்பி, "உன்னில் பிழை இல்லை, நீ போய்ச் சூடாக ஏதாவது குடி" என்றார். அந்த வசனம் எனக்கு அடித்ததுபோல இருந்தது.

அன்றைக்குப் பின்னேரம் பற்றரிகள் நிறைந்தபின் கதவுக்குக் கிட்டப் போனேன். திறக்கவில்லை. திறக்காமல் விட்டால் அதுவே ஒப்புக்கொண்டதுபோல இருந்தது. திறந்தால் தெரிந்துகொண்டு செய்ததாக ஆகும். சங்கிலியைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கடைசியில் மூடியபடியே விட்டுவிட்டு, கொப்பியில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுப் போனேன். அறைக்குப் போகும் வழியில் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். தம்பி படித்தவன், ஒரு கணக்குப் பிழைத்தால் இன்னொரு கணக்குப் போடுவான். எனக்கு ஒரே ஒரு கடிதம். அடுத்த சந்தியில் அந்தக் காரணம் எனக்கே பிடிக்கவில்லை. மற்றச் சந்தியில் திரும்பப் பிடித்தது. வீட்டைத் தாண்டி இரண்டு ரோட்டுப் போய்விட்டேன், பிறகுதான் கவனித்தேன்.

வெள்ளி காலை நான் போனபோது தம்பி முன்னதாகவே வந்திருந்தான். மேசையில் பதிவுக் கொப்பி விரிந்து கிடந்தது. ஒவ்வொரு பக்கமாக விரலை வைத்துக்கொண்டு போனான்.

"ரெஸ்டட். ரெஸ்டட். ரெஸ்டட்." நிமிர்ந்தான். "புதன்கிழமை வரைக்கும் ஒரு நாள்கூட விடலண்ணே நீங்க. இவ்ளோ நீட்டா யாரு எழுதுவா? இதுல தப்பு இல்ல. என் கணக்குலதான் எங்கயோ ஓட்ட. புரொஃபஸர்கிட்ட முதல்லேர்ந்து செய்யறேன்னு சொல்லிட்டேன்."

"முதலில இருந்தோ? எவ்வளவு காலம் பிடிக்கும்?"

"இன்னொரு வருஷம். ஸ்காலர்ஷிப்பு அதுவரைக்கும் வராது. அம்மாவுக்கு எழுதணும்."

நான் வெளியே போனேன். முற்றத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். உள்ளே வந்தேன். திரும்ப வெளியே போனேன். மூன்றாம் முறை உள்ளே வந்தபோது அவன், "பாத்ரூம் அந்தப் பக்கம்ண்ணே" என்றான்.

"தம்பி, உம்மட கணக்கு சரி."

"இல்லண்ணே, நீங்க ஆறுதலுக்குச் சொல்றீங்க."

ஆறுதல். அவன் வாயிலேயே அந்தச் சொல் வந்துவிட்டது.

"ஆறுதலுக்கு இல்லை. நான் பற்றரியை ஆறவிட்டனான். ஒவ்வொரு நாளும் அந்தக் கதவைத் திறந்துபோட்டுத்தான் போனனான். விடிய வந்து பூட்டுவன். புதன்கிழமை முழுசாத் திறந்தனான். அதைத்தான் ரெஸ்டட் எண்டு எழுதினது."

அவன் கதவைப் பார்த்தான். கொப்பியைப் பார்த்தான். "வெளிக்காத்துலயா? இந்தக் குளிர்லயா?"

"ஓம்."

"ரெஸ்டட்னா சும்மா வச்சிருந்தீங்கனு நெனச்சேன்!"

"நான் ஆறவிட்டதெண்டு நினைச்சு எழுதினன்."

"நேத்து கேட்டேனேண்ணே. ரோட்டுல வச்சுக் கேட்டேனே."

"கேட்டனீர். நான் சொல்லேல்லை. எனக்குப் பிள்ளையளைக் கூப்பிட அந்தக் கடிதம் வேணும்."

அவன் கொப்பியை மூடினான். அறைந்து மூடினான். "போய் அவர்கிட்ட சொல்லுங்க. நான் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லுங்க."

போனேன். என் ஆங்கிலம் அன்றைக்கு இப்போது இருப்பதைவிட மோசம். முதலாளி இரண்டு முறை சொல்லவைத்தார். கதவு, திறந்தது, இரவு முழுக்க, ஒவ்வொரு நாளும்.

"ஏன்?"

"ஆற. கூல் பண்ண."

"யூலையிலா?" என்றார்.

பக்கத்தில் வெல்டிங் செய்துகொண்டிருந்தவன் முகமூடியைத் தூக்கிவிட்டு, "யூலையிலா!" என்று அவரைப்போலவே சொல்லிச் சிரித்தான். பட்டறை முழுக்கச் சிரித்தது. அதன்பிறகு நான் அங்கே இருந்த காலம் முழுக்க, தேத்தண்ணிக் கோப்பையைத் தந்தால் யாராவது ஒருவன், "பொறு, பொறு, கதவைத் திறந்து ரெஸ்ட் பண்ணவிடு" என்பான். முதலாளி சிரிக்கவில்லை. கொப்பியை என்னிடம் நீட்டினார்.

"உனக்கு விளங்கியதை அப்படியே எழுது. குளிரத் தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு பக்கத்திலும்."

"கடிதம்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. வாய் கேட்டுவிட்டது.

"முதலில் எழுது."

மத்தியானம்வரை இருந்து எழுதினேன். ஒவ்வொரு "ரெஸ்டட்"டையும் ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் "கதவு திறந்து, வெளிக்குளிரில்" என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அந்தச் சொற்களின் எழுத்துக்களைத் தம்பி ஒரு கடதாசியில் எழுதித் தந்தான். கொஞ்ச நேரத்தில் பின்னால் வந்து நின்று, நான் எழுதிய நாட்களுக்கு எல்லாம் வெளிக்குளிர் எவ்வளவு இருந்திருக்கும் என்று தன் கொப்பியில் குறித்தான். பிறகு அவனுடைய பென்சில் வேகமாக ஓடத் தொடங்கியது.

"அண்ணே" என்றான். "ஜூன்லேர்ந்து ஒவ்வொரு நாளும் கணக்கு கொஞ்சங்கொஞ்சமா இடிச்சுது. மோட்டர்தான் போகுதுன்னு நெனச்சேன். இப்ப எல்லாம் போய் உக்காருது." குரலில் கோபம் இருந்தது. ஆனால் அண்ணே என்று கூப்பிட்டான்.

அவன்தான் வழி சொன்னான். முதல்நாளே சார்ஜ் பண்ணி வைக்கக்கூடாது. காலையில் புறப்படும் நேரத்துக்குச் சார்ஜ் முடியவேண்டும். சார்ஜ் ஏறும்போது வருகிற சூட்டோடேயே புறப்படவேண்டும். பதினொரு வருடம் எந்தச் சூட்டை விரட்டினேனோ அந்தச் சூட்டை இனிக் காப்பாற்றவேண்டும். பெட்டிகளின் பக்கங்களைச் சுற்ற ஏதாவது தடிப்பான துணி வேண்டும் என்றான். என் அறையில் ஒரு கம்பளிப் போர்வை இருந்தது. அதைக் கொண்டுபோனேன்.

"மேல மூடாதீங்கண்ணே, கேஸ் போகணும். பக்கத்துல மட்டும் சுத்துங்க. கதவையும் முழுசா அடைக்காதீங்க, கீழ கொஞ்சம் விடுங்க." பிறகு போர்வையைத் தொட்டுப் பார்த்தான். "ஆமா, இது உங்களோடதா? நீங்க என்னத்தப் போத்திக்குவீங்க?"

"கோட்டை."

"கோட்டும் போயிரப்போவுது, பாத்து வச்சுக்குங்க" என்றான். நான் உண்மையைச் சொன்னபிறகு அவன் என்னோடு பகிடி விட்டது அதுதான் முதல் முறை.

அடுத்த வெள்ளி காலை திரும்ப ஓடினோம். தொப்பிக்காரர் வரவில்லை. கூப்பிட்டும் வரவில்லை. அவர் இருந்த இடத்தில் முதலாளி இருந்தார். அன்றைக்கும் புல் வெள்ளைதான். நான் திரும்பவும் துடைத்தேன், ஊசியைப் பார்த்தேன், துடைத்தேன். லாச்சியைப் பற்றி முதலாளி அந்த வாரம் முழுக்க ஒரு சொல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காவ்ஃபீல்ட் சந்தியில் அதே சிவப்பு லைட். நிறுத்தினேன். பச்சை விழுந்தது, மிதித்தேன். போனது. ஓக்லீ தாண்டினோம். ஒருவரும் பேசவில்லை, பேசினால் பற்றரி கேட்டுவிடும் என்பதுபோல. பட்டறைக் கேற்றுக்குள் வானைத் திருப்பியபோது ஊசி சிவப்புக் கோட்டைத் தொடவில்லை. ஒரு நெல்மணி அளவு மேலே நின்றது.

முதலாளி இறங்கவில்லை.

"அந்த மனிதர் இனி வாங்கமாட்டார், தெரியுமா?"

"தெரியும்."

"வேறு யாரையாவது பார்க்கவேண்டும்."

"ஓம்" என்றேன், தமிழிலேயே. அவருக்கு விளங்கியிருக்கும்.

உள்ளே போய் லாச்சியைத் திறந்து கடிதத்தை எடுத்தார். பேனாவை எடுத்து, எழுதாமல் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நிரந்தரம் என்று போட்டிருக்கிறது. நான் எவ்வளவு காலம் நிரந்தரமோ நீயும் அவ்வளவு காலம். அதற்குமேல் கேட்காதே." கையெழுத்திட்டார். "அடுத்த முறை ரோட்டில் கேட்கும்போதே சொல்லு."

தலையை ஆட்டினேன். கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கினேன்.

அதன்பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அடுத்த மார்கழியில் நீங்கள் வந்து இறங்கினீர்கள். சின்னவன் விமானத்தில் கொடுத்த கரண்டியைக் கையில் பிடித்தபடி வந்தான். அந்தப் பட்டறை அதற்குப் பிறகு அதிக காலம் நிற்கவில்லை. வானும் விற்கவில்லை. ஈப்போத் தம்பி தன் புத்தகத்தை முடித்து ஊருக்குப் போனான். இப்போதும் கார்ட் போடுவான். கடைசியில் "எத்தன ஓம்?" என்று எழுதியிருப்பான். அது என்ன என்று நீங்கள் கேட்டதற்கு இன்றைக்குத்தான் பதில் சொல்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு மட்டும் திரும்பப் போகிறேன். மத்தியானமே மற்றவர்கள் போய்விட்டார்கள். தம்பியும் கம்பஸுக்குப் போனான். கடிதம் என் கோட்டின் உள்பையில் இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். வெறுமையான பற்றரிகளை அப்படியே விடக்கூடாது என்பதால் சார்ஜில் போட்டு, இரவாகி அவை நிறைந்தபின் வயரைக் கழற்றினேன். மறுநாள் சனிக்கிழமை, அதற்கடுத்து ஞாயிறு. வான் எங்கும் போகாது. சூட்டைக் காப்பாற்ற ஒரு தேவையும் இல்லை. போர்வையை அறைக்குக் கொண்டுபோகத்தான் மடித்துத் தோளில் போட்டேன். அதன் ஓரத்தில் அமிலம் தின்ற ஓட்டைகள் இரண்டு இருந்தன.

வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். போர்வையை விரித்து, மேலே மூடாமல், பற்றரிப் பெட்டிகளின் பக்கங்களைச் சுற்றி இழுத்துச் செருகினேன். பிறகு வெளியே போய், சங்கிலியைப் பிடித்துக் கதவை இறக்கினேன். நிலத்துக்கும் கதவுக்கும் நடுவில் என் நாலு விரலை வைத்து, அந்த அளவு இடைவெளி விட்டு நிறுத்தினேன்.